குழந்தை சுவாசிக்காத மயக்க வாயு எங்கே போகிறது?

ஊசியைக் கண்டாலே அலறும் குழந்தைக்கு அறுவை சிகிச்சைக்கு முன் மாஸ்க் வழியாக மயக்கம் கொடுப்பது வழக்கம். அதற்கு ஏற்றது செவோஃப்ளூரேன். மூச்சுக்குழாயை உறுத்தாது, சில மூச்சுகளிலேயே கண் சொருகிவிடும்.

இந்த மருந்தை உடம்பு பெரும்பாலும் சிதைப்பதில்லை. உள்ளே போனதில் ஏறக்குறைய 5 சதவீதமே கல்லீரலில் மாற்றமடைகிறது. மற்றதெல்லாம் மூச்சோடு வெளியேறி, குழாய் வழியே வெளிக்காற்றில் கலக்கிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட இது நூறு மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். துணைக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு சுமார் 270 மடங்கு. நூறாண்டுக்கு மேல் காற்றில் தங்கி, ஓசோன் படலத்தையும் அரிக்கும். இன்னொரு மயக்க வாயுவான டெஸ்ஃப்ளூரேனோ 2,500 மடங்கு! அதன் பயன்பாட்டை 2023-லேயே ஸ்காட்லாந்து நிறுத்திவிட்டது.

குழந்தை சிறியது என்பதால் வாயுவும் குறைவாகத்தான் செலவாகும் என்று தோன்றும். நடப்பது வேறு. 10 கிலோ எடையுள்ள குழந்தை நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டர் காற்றைத்தான் சுவாசிக்கும். தூங்கவைக்கும் கட்டத்தில் கருவியிலிருந்து 6 லிட்டர், சில வேளை அதற்கு மேலும் வரும். மிஞ்சியது நேரே கழிவுக் குழாய்க்குப் போகிறது.

குழந்தை உறங்கியதும் இந்த ஓட்டத்தை 1 லிட்டருக்கும் கீழே இறக்கலாம். வெளிவிட்ட மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கருவியிலுள்ள சோடா சுண்ணாம்பு உறிஞ்சிக்கொள்ள, மயக்க மருந்து மீண்டும் குழந்தைக்கே திரும்புகிறது. ஆக்சிஜனும் மருந்தும் எவ்வளவு இருக்கின்றன என்பதைத் திரையில் தொடர்ந்து கவனிக்க வேண்டும், அவ்வளவே. சுவாசத்துக்கான குழாயைத் தொண்டை வழியே செருகுவதற்காக மாஸ்க்கை எடுக்கும் அந்த நிமிடத்திலும் வாயு ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் மருந்து அறைக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும்.

நைட்ரஸ் ஆக்சைடில் நடக்கும் வீணடிப்புதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பிரிட்டன் மருத்துவமனைகள் சிலவற்றில் கணக்கெடுத்தபோது, சுவருக்குள் ஓடும் குழாய்களிலும் சிலிண்டர் இணைப்புகளிலும் கசிந்தே பெரும்பகுதி போயிருந்தது. எந்தக் குழந்தைக்கும் பயன்படாத வாயு அது. மையக் குழாயை மூடிவிட்டுக் கருவியோடு ஒரு சிறு சிலிண்டரை வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறந்தால் போதும்.

நரம்பு வழியே புரோபோஃபால் என்ற மயக்க மருந்தைச் செலுத்தினால் வாயுவே வேண்டாம். பிளாஸ்டிக் சிரிஞ்சுகள் சேரும் என்றாலும் புவியைச் சூடாக்கும் சுமை மிகக் குறைவு. அதற்காகப் பயந்து நடுங்கும் குழந்தையைப் பிடித்து அமுக்கி ஊசி குத்துவதை நான் ஏற்கமாட்டேன். மரத்துப்போகச் செய்யும் களிம்பை முன்கூட்டியே தடவிப் பார்க்கலாம். அப்போதும் அஞ்சினால், மாஸ்க்கில் தூங்கவைத்து, நரம்பில் ஊசி ஏற்றியதும் புரோபோஃபாலுக்கு மாறலாம். செவோஃப்ளூரேன் முதல் சில நிமிடங்களுக்கு மட்டுமே தேவைப்படும்.