கீபோர்டில் முதலில் கெடுவது எது?

மெக்கானிக்கல் கீபோர்டு, அதாவது ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் உள்ள கீபோர்டு, வாங்கப் போனால் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது ஒரு பெரிய எண்: 5 கோடி அழுத்தங்கள், 10 கோடி அழுத்தங்கள். ஒவ்வொரு விசையும் அத்தனை தட்டுகளைத் தாங்குமாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 20,000 தட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவே அதிகம். ஆங்கிலத்தில் எழுதினால் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று ஸ்பேஸ் பாரில் விழும். அதாவது 4,000. 5 கோடியை அதனால் வகுத்தால் 12,500 நாட்கள், சுமார் 34 வருடம். நடைமுறையிலோ, அதற்கு வெகு முன்பே ஏதாவது ஒரு விசை ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து போட ஆரம்பித்துவிடுகிறது.

கோளாறு பெரும்பாலும் ஸ்பிரிங்கில் இல்லை. செரி நிறுவனத்தின் பரவலான எம்எக்ஸ் வகை ஸ்விட்சைப் பிரித்தால் ஒரு பிளாஸ்டிக் தண்டு, அதன் கீழே ஸ்பிரிங், பக்கத்தில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். விசை மொத்தம் 4 மி.மீ. இறங்கும். 2 மி.மீ. இறங்கும்போதே தகடுகள் தொட்டு மின்சுற்று மூடிவிடும். எம்எக்ஸில் சிவப்பு நிறத் தண்டுள்ள வகைக்கு அதுவரை சுமார் 45 கிராம் அழுத்தம் போதும். இவ்வளவு சின்ன சுமையில் எஃகு ஸ்பிரிங் லேசில் தளராது.

கெடுவது அந்தத் தகடுகள் தொடும் இடம். இரண்டு உலோகங்கள் மோதினால் உடனே அமைதியாக ஒட்டி நிற்பதில்லை, சில மில்லி நொடிகளுக்குத் துள்ளித் துள்ளித் தொடும். கீபோர்டுக்குள் இருக்கும் சில்லு இதை எதிர்பார்த்தே, வழக்கமாக 5 மில்லி நொடி போல, பொறுத்திருந்து அதை ஒரே தட்டாக எண்ணுகிறது. தொடுமுனையில் தூசு படிந்தாலோ, ஈரக்காற்றில் உலோகத்தின் மேல் படலம் ஏறினாலோ துள்ளல் நீண்டுவிடும். சில்லின் பொறுமை முடிந்த பிறகும் அது தொடர்ந்தால் இன்னொரு எழுத்து விழும். அதனால்தான் நல்ல ஸ்விட்சுகளின் தொடுமுனை தங்கம். தங்கத்தில் ஆக்சைடு படலம் ஏறாது. செரியில் கூர்விளிம்புள்ள இரண்டு தங்கத் துண்டுகள் ஒன்றுக்கொன்று குறுக்காகத் தொடுகின்றன. தொடும் பரப்பு மிகச் சிறியது, அதனால் அங்கே அழுத்தம் அதிகம். தூசு நிற்க இடம் குறைவு.

தொடவே வேண்டாம் என்பது இன்னொரு வழி. தண்டில் ஒரு சின்ன காந்தம், கீழே அதன் நெருக்கத்தை அளக்கும் உணரி. இயற்பியலாளர் எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த, காந்தப்புலம் மின்னழுத்தத்தை உண்டாக்கும் விளைவுதான் இதற்கு அடிப்படை. 1960-களின் கடைசியிலேயே ஹனிவெல் நிறுவனம் இப்படிக் கீபோர்டு செய்தது. இப்போது விளையாட்டுக்காரர்களுக்காகத் திரும்ப வந்திருக்கிறது. இரட்டை எழுத்துத் தொல்லை இதில் அநேகமாக இல்லை. ஆனால் எந்த ஸ்விட்சையும் கொண்டுவந்து இதில் மாட்ட முடியாது, அந்தப் பலகையின் உணரிக்கு ஒத்துவரும் காந்த ஸ்விட்ச்தான் வேண்டும்.

நீடித்த உழைப்புக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் ஐபிஎம் நிறுவனத்தின் மாடல் எம் கீபோர்டு. 1985-இல் வந்தது. சுமார் 2 கிலோ எடை. அழுத்தும்போது ஸ்பிரிங் சட்டென்று ஒரு பக்கமாக வளைந்து அடியில் உள்ள சுத்தியலைத் தட்டும், அந்தக் கணீர் சத்தம் அங்கிருந்துதான். இன்றும் உழைக்கும் பழைய எம் கீபோர்டுகள் நிறைய. அமெரிக்காவின் கென்டக்கியில் யூனிகாம்ப் நிறுவனம் அதே வடிவத்தை இன்னும் தயாரிக்கிறது. அப்பேர்ப்பட்ட எம்முக்கும் ஒரு பலவீனம் உண்டு. உள்ளே அடுக்குகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ரிவெட்டுகள் காலப்போக்கில் உடைந்து உதிரும். பழக்கமானவர்கள் அவற்றைத் துளைத்து எடுத்துவிட்டு போல்ட் போட்டுவிடுகிறார்கள். போல்ட் போட இடம் இருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. ஏதாவது ஒரு பகுதி கெடத்தான் செய்யும், அதை மட்டும் மாற்ற முடிகிறதா என்பதைத்தான் வாங்கும்போது பார்க்க வேண்டும்.

ஆகவே ஹாட் ஸ்வாப் சாக்கெட் உள்ளதா என்று கேளுங்கள். இருந்தால் சால்டரிங் இல்லாமலே கெட்ட ஸ்விட்சைப் பிடுங்கி வேறொன்று செருகலாம். செருகும்போது பலகையின் அடியில் விரலால் தாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சாக்கெட் பெயர்ந்து வரலாம். கேபிள் தனியாகக் கழல வேண்டும். கம்பியில்லாததாக இருந்தால் பேட்டரியை மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள், ஸ்விட்சுகளுக்கு முன்னால் அதுதான் ஓயும். கீகேப்புகள், அதாவது விரல் படும் விசை மூடிகள், பிபிடி பிளாஸ்டிக்கில் இருந்தால் நல்லது, ஏபிஎஸ் பிளாஸ்டிக் சீக்கிரம் வழவழத்து எண்ணெய் பூசியதுபோல் மின்னும். கீழ்வரிசை விசைகள் வழக்கமான அளவில் இருக்கின்றனவா என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்பேஸ் பார் சாதாரண விசையைப்போல் 6.25 மடங்கு அகலம் என்பதுதான் பரவலான அளவு. வேறு அளவில் இருந்தால் பின்னாளில் மாற்று கீகேப் கிடைப்பது பெரும்பாடு.

சரி, பழைய கீபோர்டு? ஒரே ஒரு விசைதான் இரட்டிக்கிறது என்றால் அதற்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. இணைப்பைக் கழற்றி, அந்த ஸ்விட்சுக்குள் மின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனர் கொஞ்சம் விட்டு, பலமுறை அழுத்திவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். கீபோர்டின் சில்லில் ஓடும், நாமே மாற்றியமைக்கக்கூடிய கியூஎம்கே மென்பொருள் உள்ள கீபோர்டு என்றால் அந்த 5 மில்லி நொடிப் பொறுமையை 10 ஆக்கிப் பார்க்கலாம். இரண்டுக்கும் மசியவில்லையென்றால் அந்த ஒரு ஸ்விட்சை மட்டும் சால்டரிங் தெரிந்த யாரிடமாவது கொடுத்து மாற்றுங்கள்.