எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய்?

அந்த அம்மா உள்ளே வரும்போது ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் மகளின் நோட்டு. மகள் வெளியே உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர், இந்தப் புத்தகம் அவ பையில இருந்துச்சு. ஒரே ராத்திரியில படிச்சு முடிச்சேன். விடிஞ்சதும் அலமாரியில தேடி இந்த டைரிய எடுத்துட்டேன். சில தேதிக்குப் பக்கத்துல சின்னதா பெருக்கல் குறி போட்டு வெச்சிருக்கா. அது என்னன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

நோட்டை நான் திறக்கவில்லை. புத்தகத்தைத்தான் எடுத்துப் பார்த்தேன். எனக்குப் பழகிய புத்தகம். 'கோ ஆஸ்க் ஆலிஸ்', 1971-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அனானிமஸ்' (பெயர் தெரியாதவர்) என்று போட்டிருக்கும். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி எல்எஸ்டி என்ற மாயக்காட்சி தரும் போதைப்பொருளில் தொடங்கி ஹெராயின் வரை போய், வீட்டை விட்டு ஓடி, திரும்பி வந்து, திருந்தி, கடைசியில் இறந்துபோவதை அவளுடைய டைரியாகவே சொல்லும் கதை. படித்தவர்கள் எல்லோரும் அவளை ஆலிஸ் என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் டைரி எழுதுகிறவளுக்குப் புத்தகத்தில் பெயரே கிடையாது.

போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் மனநல மருத்துவர் நான். இத்தனை வருடத்தில் இந்தப் புத்தகத்தைப் பற்றி என்னிடம் பேசாத வகை ஆள் இல்லை. பயந்துபோன பெற்றோர், வகுப்பில் கொடுக்கலாமா என்று கேட்கும் ஆசிரியர், ரகசியமாகப் படித்த பிள்ளைகள், வார்டில் படுத்துக்கொண்டே படித்தவர்கள். புத்தகத்தைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்தவர் என்ன சொல்கிறார் என்பது எனக்கு ரொம்ப உதவுகிறது. அதனால் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பேன்: எந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினீர்கள்? (இங்கே வரும் மனிதர்களின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

பெற்றோர் நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு பார்ட்டி. குளிர்பானங்கள் பலவற்றில் எல்எஸ்டி கலந்திருக்கிறது, யாருக்கு எது வரும் என்பதே விளையாட்டு. அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலே அது அவளுக்கு வந்துவிடுகிறது. "பார்த்தீங்களா டாக்டர், யாரோ கலந்து குடுத்துட்டாங்க!" பின்னால் இன்னொரு கட்டம்: அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்ட சமயத்தில், குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போன வீட்டில் சாப்பிட்ட சாக்லேட் கடலையில் யாரோ போதைப்பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். மனநல மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு ஆகிவிடுகிறது. கதை திரும்பும் இரண்டு இடத்திலும் அவள் கை இல்லை.

பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைமேல் குற்றம் இல்லை, வளர்ப்புமேல் குற்றம் இல்லை, எங்கோ ஒரு வில்லன் இருக்கிறான். தெரியாமல் கலந்து கொடுப்பது நடக்கிறது, அது கொடிய குற்றம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என்னிடம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முதல் தடவை கொடுத்தது நன்றாகத் தெரிந்த நண்பன். ஒளிவுமறைவு இல்லாமல், "ட்ரை பண்றியா?" என்று கேட்டுத்தான் கொடுத்திருப்பான். வில்லனைத் தேடிக்கொண்டிருக்கும் வீட்டில், அந்த நண்பன் வந்தால் உட்காரச் சொல்லிச் சாப்பாடு போடுவார்கள்.

எல்எஸ்டி விஷயத்திலும் புத்தகம் வழுக்குகிறது. ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938-ல் தயாரித்து, 1943-ல் தற்செயலாக அதன் விளைவைத் தன் உடம்பிலேயே கண்டுகொண்ட பொருள் அது. மைக்ரோகிராம் கணக்கிலேயே வேலை செய்யும், எட்டுப் பத்து மணி நேரம் நீடிக்கும். பயங்கரமான பீதி, தாறுமாறான நடத்தை, விபத்து, சிலருக்கு மறைந்திருந்த மனநோய் கிளம்புவது எல்லாம் உண்டு. ஆனால் ஹெராயினைப் போல உடல் அதைக் கேட்டுத் துடிக்காது. தொடர்ந்து எடுத்தால் சில நாட்களிலேயே விளைவு மங்கிவிடும். ஒரே பார்ட்டியில் அடிமை என்கிற வேகம் கதைக்குத் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

யாருமே நிற்காத பக்கம் ஒன்று உண்டு. அந்தப் பார்ட்டிக்குப் பிறகு கொஞ்ச நாளில் அவளுடைய தாத்தாவுக்கு மாரடைப்பு வருகிறது. அவளுக்குத் தூக்கம் போகிறது. தாத்தா வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். ஊர் திரும்பியதும் மருத்துவரே மாத்திரை எழுதித் தருகிறார். கலவரம் இல்லை, பார்ட்டி இல்லை, ஒரு பெண் தூங்க ஆசைப்படுகிறாள். என்னைக் கேட்டால் புத்தகத்திலேயே நிஜத்துக்குப் பக்கத்தில் இருப்பது இந்த இடம்தான். அந்தக் காலத்துத் தூக்க மாத்திரைகளில் பார்பிட்யூரேட் வகை சாதாரணமாகப் புழங்கியது. இன்று பெரும்பாலும் வேறு வகைகள். ஆனால் வழி அதேதான்: யாருக்கோ எழுதிக் கொடுத்தது, மிச்சமாகி, இழுப்பறையில் கிடக்கிறது. மாத்திரை என்பதால் யாரும் அதைப் போதைப்பொருளாக நினைப்பதில்லை. இன்னொரு விஷயம், தினமும் தூக்க மாத்திரை போட்டுப் பழகிய பிள்ளையிடமிருந்து அதை ஒரே நாளில் பிடுங்கிவிடாதீர்கள். சில வகைகளைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வார்டில் இருந்த ஒரு பையன் இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பத்தொன்பது வயது, வலி மாத்திரையில் ஆரம்பித்து ஊசிக்குப் போனவன். "டாக்டர், இந்தப் பொண்ணுக்கு இவ்ளோ எழுத எப்படி நேரம் கெடச்சுது?" என்று கேட்டான்.

அவன் சிரித்ததன் அர்த்தம் அவன் நோட்டைப் பார்த்த பிறகு புரிந்தது. ஏக்கம் எப்போது வருகிறது, அதற்கு முன் என்ன நடந்தது என்று குறித்து வைக்கச் சொல்வது எங்கள் சிகிச்சையில் வழக்கம். அவனே கொண்டுவந்து காட்டியது அது. அதில் அழகான வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது. யாரிடம் எவ்வளவு கடன். போன் எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. மூக்கில் தண்ணீர், கால் குடைச்சல். அம்மாவிடம் பொய். எட்டு நாள் வெற்றுப் பக்கம். அப்புறம் திரும்பவும் கடன் கணக்கு. போதை வாழ்க்கையின் பெரும்பகுதி காத்திருப்பது, காசு தேடுவது, உடம்பு நோகாமல் இருப்பதற்காக மட்டும் எடுப்பது. சுகம் எப்போதோ போய்விட்டிருக்கும். இந்த அலுப்பைப் புத்தகங்கள் எழுதுவதில்லை, எழுதினால் யார் வாங்குவார்கள்? அதற்குப் பதிலாக ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சம்பவம் நடக்கிறது. இதுவரை எதையும் தொட்டிராத பதினைந்து வயதுக்கு அது எச்சரிக்கையாகத்தான் தெரியும் என்று சொல்ல முடியாது. "பயமா இருந்துச்சு, ஆனா அந்த முதல் ட்ரிப் வர்ற பக்கத்த மூணு தடவ படிச்சேன்" என்று ஒரு பிள்ளை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

இந்த டைரி நிஜம்தானா என்ற கேள்வியும் தவறாமல் வரும். பீட்ரிஸ் ஸ்பார்க்ஸ் என்பவர் இதைத் தொகுத்தவராக வெளியே தெரிய வந்தார். ஒரு பெண்ணின் டைரியை வைத்து, தான் கேள்விப்பட்ட மற்றவர்களின் அனுபவங்களையும் சேர்த்து எழுதியதாக அவரே பின்னர் சொன்னார். அந்த மூல டைரியை வெளியில் யாரும் சரிபார்க்க முடிந்ததில்லை. பிந்தைய பதிப்புகளில் இது புனைவு என்றே அச்சிட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு இது ஒரு இலக்கியத் தகவல். பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. நிஜம் என்று நம்பி நான்கு நாள் தூங்காமல் இருந்த ஒரு மாணவன், இதைத் தெரிந்துகொண்டதும் என்னிடம் கேட்டான்: "அப்ப அவ செத்ததும் பொய்தானே? ஹெராயின் பத்திச் சொன்னதும் பொய்யா இருக்கலாம்ல?" ஹெராயினைப் பற்றி நான் சொல்வதை அவன் நம்புவதற்குப் பல வாரம் ஆனது. நல்ல நோக்கத்தில் சொன்ன பொய்க்கு அடுத்து வருகிறவர்கள்தான் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது.

பயமுறுத்தித் திருத்துவது என்பதே அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு பெரிய நம்பிக்கை. புத்தகம் வந்த அதே 1971-ல்தான் அதிபர் நிக்சன் போதைப் பழக்கத்தை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். 1978-ல் 'ஸ்கேர்டு ஸ்ட்ரெயிட்' என்ற ஆவணப்படம் புகழ்பெற்றது. பையன்களைச் சிறைக்கு அழைத்துப்போய், கைதிகளை விட்டு மிரட்டுவது அந்தத் திட்டம். பின்னால் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தபோது, மிரட்டப்பட்டவர்கள்தான் அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி, காவலர்கள் வகுப்பறைக்கு வந்து பாடம் எடுத்த 'டேர்' திட்டமும் ஆய்வுகளில் பெரிதாகப் பலன் காட்டவில்லை.

அதற்காகப் புத்தகத்தைப் பிடுங்கலாம் என்று சொல்ல வரவில்லை. அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1976-ல் நியூயார்க் மாகாணத்தில் ஐலண்ட் ட்ரீஸ் என்ற பள்ளி நிர்வாகம் நூலகத்திலிருந்து தூக்கிய ஒன்பது புத்தகங்களில் இதுவும் ஒன்று. மாணவர்கள் வழக்குப் போட்டார்கள், 1982-ல் அது உச்ச நீதிமன்றம் வரை போனது. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுக்க முடியாது என்ற பக்கம்தான் தீர்ப்பு சாய்ந்தது. ஒரே புத்தகத்தைச் சில பெற்றோர் மருந்தாகக் கொடுத்தார்கள், சில பெற்றோர் விஷம் என்று பிடுங்கினார்கள். இரண்டு தரப்பும் பிள்ளையிடம் அதைப் பற்றி உட்கார்ந்து பேசியதா என்று கேட்டால்தான் சங்கடம்.

வார்டில் சிரித்த பையன் கடைசிப் பக்கத்தில் மட்டும் சிரிக்கவில்லை. டைரி நம்பிக்கையோடு முடிகிறது. அதற்கடுத்து ஒரு சின்னக் குறிப்பு: இனி டைரி வேண்டாம் என்று அவள் முடிவு செய்த மூன்றாவது வாரம் பெற்றோர் வீடு திரும்பியபோது இறந்து கிடந்தாள். எந்தப் பொருள் என்று இல்லை, வேண்டுமென்றே எடுத்தாளா என்றும் இல்லை. நாடகத்தனமான முடிவு என்று விமர்சகர்கள் சொல்லலாம். "இது மட்டும் நடக்கும் டாக்டர். என் ஃப்ரெண்டு இப்படித்தான் போனான்" என்றான் அவன்.

அவன் சொன்னது சரி. ஹெராயின், சில வகை வலி மாத்திரைகள் போன்ற ஓபியாய்டு வகைகளைத் தொடர்ந்து எடுக்கும் உடம்பு பெரிய அளவையும் தாங்கப் பழகிவிடும். நிறுத்திய சில வாரங்களில் அந்தத் தாங்கும் சக்தி இறங்கிவிடுகிறது. ஏதோ ஒரு பலவீனமான நாளில், பழைய நினைப்பில் பழைய அளவை எடுத்தால் மூச்சு அடங்கிவிடும். சிகிச்சை முடிந்தோ சிறையிலிருந்தோ வெளியே வரும் முதல் சில வாரங்கள் ஆபத்தானவை என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். "பையன் விட்டுட்டான்" என்று வீடு நிம்மதியாகும் நேரமும் அதுதான். புப்ரினார்ஃபின், மெத்தடோன் மாதிரி, இந்தப் பழக்கத்துக்கான சிகிச்சை மருந்துகளை மருத்துவர் சொல்லும் காலம்வரை தொடர்ந்தால் இந்த மரணங்கள் நன்றாகவே குறைகின்றன. இப்படி அளவு மீறி ஓவர்டோஸ் ஆனவரை நாலாக்சோன் என்ற மருந்து கொடுத்து மீட்கவும் முடியும், நேரத்துக்குக் கிடைத்தால். எனவே ரிலாப்ஸ் ஆனால், அதாவது மறுபடி பழக்கத்துக்குள் விழுந்தால், வீட்டில் சொல்லும் தைரியம் பிள்ளைக்கு இருக்க வேண்டும். மறுபடி தொட்டால் வீட்டுக்குள் வராதே என்று சபதம் வாங்கிய வீடுகளில் அந்தத் தைரியம் எப்படி வரும்?

சரி, அந்த அம்மாவிடம் வருவோம். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மகளை அழைத்தேன். நோட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அம்மா அதை எடுத்தது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, கண்கள் சிவந்திருந்தன. "இந்தப் புத்தகத்துல எந்தப் பக்கத்துலம்மா நிறுத்தின?" என்றேன்.

ரொம்ப நேரம் கழித்து, "தாத்தாவோட மாத்திரைய எடுக்கற எடம்" என்றாள்.

பெருக்கல் குறிகள் அவள் விடிய விடியத் தூங்காத இரவுகள். பள்ளியில் சில மாதங்களாக நடந்துகொண்டிருந்த ஒரு விஷயம் அதற்குக் காரணம், அதை இங்கே சொல்ல எனக்கு உரிமையில்லை. போதை எதுவும் எடுத்ததில்லை. அலமாரி மேல்தட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தாள். சாகணும் என்று தோன்றியதா என்று நேராகவே கேட்டேன். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். "இல்ல, தூங்கணும்னு மட்டும்தான்" என்றாள். தூக்கத்தைப் பற்றியும் டப்பாவைப் பற்றியும் அம்மாவிடம் நான் சொல்லலாமா என்று கேட்டேன். மற்றதைப் பிறகு தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, இதற்குத் தலையாட்டினாள்.

அடுத்த முறை அந்த அம்மா ஒரு கவரைக் கொண்டுவந்தார். கணவரின் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மிச்சமான வலி மாத்திரை அரை அட்டை, எப்போதோ வாங்கிய தூக்க மாத்திரை, பெயர் அழிந்துபோன ஒரு இருமல் மருந்து. எல்லாவற்றையும் எங்கள் மருந்தகத்தில் கொடுத்து அழிக்கச் சொன்னோம். நோட்டை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"மன்னிப்புக் கேட்டு அவ கையிலேயே குடுத்துட்டேன் டாக்டர். இப்ப எங்க வெச்சிருக்கான்னு எனக்குத் தெரியாது."