நின்றுபோன உயரம் மீண்டும் கூடுமா?

உணவு போதாத குழந்தையின் உடல் முதலில் நிறுத்தி வைப்பது வளர்ச்சியைத்தான். இதயமும் மூளையும் ஓய முடியாது, உயரம் காத்திருக்கலாம். வளர்ச்சி ஹார்மோன் அப்போதும் சுரக்கிறது, பல குழந்தைகளிடம் வழக்கத்தைவிட அதிகமாகவே. ஆனால் அதற்கு இணங்கி ஐஜிஎஃப்-1 என்ற பொருளைத் தயாரிக்க வேண்டிய கல்லீரல் உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. அது குறைந்ததும், நீள எலும்புகளின் முனையருகே குருத்தெலும்புச் செல்கள் பெருகும் மெல்லிய அடுக்கான வளர்தட்டு மந்தமாகிறது. ஹார்மோன் ஊசி போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பற்றாக்குறை அதில் இல்லையே!

சரி, நின்றது மீண்டும் கூடுமா? பட்டினியும் நோயும் விலகியதும் குழந்தைகள் வயதுக்குரிய வேகத்தையே மிஞ்சி வளர்வதை 1963-இல் பிராடர், டானர், ஃபான் ஹார்னாக் மூவரும் விவரித்தார்கள். 1994-இல் வந்த ஒரு முயல் ஆய்வு இன்னும் சுவையானது. ஒரு காலின் வளர்தட்டில் மட்டும் ஸ்டீராய்டு செலுத்தி வளர்ச்சியைத் தடுத்தார்கள். மருந்தை நிறுத்தியதும் அந்த ஒரு வளர்தட்டு மட்டும் வேகமெடுத்தது. அப்படியானால் இந்த ஈடுகட்டலில் ஒரு பங்காவது வளர்தட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதன் செல்கள் இத்தனை முறை என்ற வரம்புக்குள்தான் பிரியும், நின்றிருந்த காலத்தில் அந்தக் கணக்கு செலவாகாமல் மிஞ்சுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பருவமடைதல் முடிந்து வளர்தட்டு மூடிக்கொண்டால் வாய்ப்பும் முடிந்தது. முதல் ஆண்டில் சுமார் 25 சென்டிமீட்டர், இரண்டாம் ஆண்டில் சுமார் 12 என்று வளரும் வயதில் கிடைக்கும் உதவிதான் அதிகம் பலிக்கும்.

அந்த உதவி எது? மைக்கேல் கோல்டன் என்ற மருத்துவர் சத்துகளை இரண்டு வகையாகப் பிரித்தார். இரும்பு, அயோடின், வைட்டமின் ஏ போன்றவை முதல் வகை. இவை குறைந்தாலும் வளர்ச்சி கொஞ்ச காலம் ஓடும், அப்புறம் ரத்தசோகை, மாலைக்கண் என்று அடையாளத்தோடு வெளிப்படும். துத்தநாகம், புரதம், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் இரண்டாம் வகை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் உடல் புதுத் திசு கட்டுவதையே நிறுத்துகிறது. தனி அடையாளம் எதுவும் தெரியாது, பசிதான் மங்கும். 'சாப்பிடவே மாட்டேங்கிறான்' என்று பெற்றோர் சொல்வது பல நேரம் குறைபாட்டின் விளைவு, அடம் இல்லை. இந்த நிலையில் மாவும் சர்க்கரையுமாக ஊட்டினால் கொழுப்பு கூடி எடை ஏறும், உயரம் அசையாது. பால், முட்டை, மீன், இறைச்சி, பருப்பு ஆகியவற்றின் மதிப்பு இங்கேதான்.

கடுமையாக மெலிந்த குழந்தைக்கு அவசரமாக ஊட்டுவது ஆபத்து. திடீரென வரும் உணவு இன்சுலினைத் தூண்ட, ரத்தத்தில் இருந்த பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் போய்விடும். இதயம் தடுமாறும். அதனால்தான் மருத்துவமனைகளில் 100 மில்லிக்கு 75 கலோரி உள்ள எஃப்-75 பாலில் தொடங்கி, உடல் தேறியபின் எஃப்-100-க்கு மாறுகிறார்கள். இரும்புச்சத்தையும் தொடக்கத்தில் தருவதில்லை. பசி இருந்து, வேறு சிக்கல் இல்லாத குழந்தைக்கு வீட்டிலேயே வேர்க்கடலை, பால்பொடி, எண்ணெய், சர்க்கரையோடு வைட்டமின்களும் தாதுக்களும் சேர்த்த பசை தரப்படுகிறது. 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி.

தேறும்போது எடை சில வாரங்களில் கூடும், உயரம் தெரிய மாதங்கள் ஆகும். இடையில் வரும் ஒவ்வொரு வயிற்றுப்போக்கும் அதைத் தள்ளிப்போடும். ஒரு நாள் அளவைவிட வளர்ச்சி வரைபடத்தின் கோடுதான் பேசும். உணவுக் குறைவில் பெரும்பாலும் எடைக்கோடு முதலில் சாய்கிறது, உயரக்கோடு பிறகு. எடை ஏறிக்கொண்டே போக உயரம் மட்டும் நின்றால், தட்டில் இருப்பதைப் பார்ப்பதோடு தைராய்டையும் வளர்ச்சி ஹார்மோனையும் பரிசோதிக்க வேண்டும்.