கீழே கச்சான், மேலே கொண்டல்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் துபாய் டிக்கெட்டைப் பார்க்காத வீடு குறைவு. அந்த டிக்கெட்டில் ஒரு கணக்கு உதைக்கும். மதுரையில் காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம் பகல் 12.30-க்கு துபாயில் இறங்குவதாகப் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழித்துப் பார்த்தால் இரண்டரை மணி நேரம். திரும்பும்போது அங்கே காலை 10 மணிக்கு ஏறினால் மதுரையில் இறங்க மாலை 3.10 ஆகிவிடுகிறது. இதில் பெரும்பகுதி கடிகாரத்தின் வேலை. துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால் ஓடுகிறது. அதைச் சரிசெய்தால் போக 4 மணி, வர 3 மணி 40 நிமிடம். அப்படியும் மிச்சம் நிற்கிற 20 நிமிடம் எங்கே போனது?

பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் மதுரை–துபாய் தூரம் சுமார் 2,950 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் போனால் மூன்றரை மணி நேரம் போதும். ஆனால் டிக்கெட்டில் போடும் நேரம், விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி மறுமுனையில் போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க முறை பார்த்துக் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். (ஊரிலிருந்து மதுரைக்குக் காரில் போகும் நேரம் தனி. வழியனுப்ப வருகிறவர்கள் வண்டியில் ஏறி முடிக்கும் நேரம் அதைவிடத் தனி.)

அந்த 850 என்பது காற்றுக்குள் போகும் வேகம். காற்றே நகர்ந்தால் விமானத்தையும் சேர்த்துத்தான் நகர்த்தும். பாம்பன் கால்வாயில் நீரோட்டத்தோடு போகும் வள்ளத்துக்கும் எதிர்த்து வரும் வள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். வழி நெடுக மணிக்கு 60 கி.மீ. எதிர்காற்று என்றால் தரைக்கணக்கில் வேகம் 790. பயணம் 3 மணி 44 நிமிடம். அதே காற்று பின்னால் தள்ளினால் 910. 3 மணி 14 நிமிடம். அரை மணி நேரம் காற்றிலேயே போய்விடுகிறது.

சரி, எந்தக் காற்று? கரையில் நின்று பார்த்தால் தப்பாகத்தான் சொல்லுவோம். மார்கழி, தை மாதங்களில் இங்கே வாடை வீசுகிறது. ஆனால் வளைகுடா, வட இந்தியா பக்கம் 10, 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. அதன் நடுப்பகுதி மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவதுண்டு. பழைய பாம்பன் பாலத்தில் 58 கி.மீ. காற்றுக்கே ரயிலை நிறுத்தி வந்தார்கள். துபாயை நெருங்க நெருங்க விமானம் இதன் விளிம்பை எதிர்த்துப் போகிறது. திரும்பும்போது அதுவே தள்ளிவிடுகிறது.

ஆனி, ஆடியில் நிலைமை வேறு. கடலில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்து வள்ளம் இறக்க முடியாத நாளிலும், உச்சியில் காற்று நேர் எதிராகக் கிழக்கிலிருந்து, கொண்டலாக வீசுகிறது. கோடையில் திபெத் மேட்டுநிலமும் வட இந்தியாவும் சூடேறுவதால், மேல்வானத்தில் வடக்கே வெப்பம் அதிகமாகவும் தெற்கே குறைவாகவும் ஆகிறது. அந்த வித்தியாசம்தான் இந்தக் காற்றை ஓட்டுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1958-இல் இதைப் பற்றி எழுதினார். இதன் மையம் 14, 15 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, பயணிகள் விமானம் அதற்குக் கீழேதான் பறக்கும், ஆனாலும் தள்ளல் கிடைக்கும். அதனால் அந்த மாதங்களில் போக, வர ஆகும் நேர வித்தியாசம் சுருங்கிவிடும். சில நாள் போகும் பயணமே சீக்கிரம் முடியும். மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் விமான நேர அட்டவணை மாறும்போது, ஒரே வழித்தடத்துக்கு நிமிடங்கள் கூடிக் குறைவதில் இந்தக் காற்றுக்கும் பங்கு உண்டு.