நெஞ்செரிச்சலா, நெஞ்சுவலியா?

மதுரையில் ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்கு மேல்தான் களைகட்டும். கறி தோசை, பரோட்டா மூழ்கும் அளவுக்குச் சால்னா, முடிக்க ஒரு ஜிகர்தண்டா, வீட்டுக்குப் போனதும் படுக்கை. மறுநாள் காலையில் "விடிய விடிய நெஞ்சைக் கரிச்சுக்கிட்டே இருந்துச்சு டாக்டர்" என்று வருபவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான்.

கொழுப்பு மிகுந்த சாப்பாடு இரைப்பையை விட்டு நகர நேரம் எடுக்கும். அது நிறைந்திருக்கும்போது படுத்தால் அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறும். அதனால் நான் பரோட்டாவை நிறுத்தச் சொல்வதைவிட, நேரத்தை மாற்றத்தான் சொல்கிறேன். எட்டு மணிக்குள் சாப்பிடுங்கள். சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரமாவது போகட்டும், பிறகு படுக்கலாம். ராத்திரியில் எரிச்சல் வருபவர்கள் இடது பக்கமாகப் படுத்தால் நல்லது. தலையணை மேல் தலையணை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் ஆடாதபடி அரை அடி உயரத்துக்குக் கட்டை வையுங்கள்.

வயிறு உப்பி, மேல்வயிறு கனத்து, புளித்த ஏப்பம் வருகிறதா? மேற்கொண்டு எதுவும் சாப்பிடாமல், இடுப்பு இறுக்கத்தைத் தளர்த்தி, நிமிர்ந்து உட்காருங்கள். மெதுவாகக் கொஞ்சம் நடக்கலாம். சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், பெருங்காயம் போட்ட நீர்மோர் எல்லாம் ஒத்துக்கொண்டால் குடிக்கலாம். இஞ்சி சிலருக்கு எரிச்சலைக் கூட்டும், அவர்கள் விட்டுவிட வேண்டும். பால் குடித்தால் அப்போதைக்கு இதமாக இருக்கும், அப்புறம் அமிலம் இன்னும் சுரக்கும். சோடா குடித்தால் ஏப்பம் வருவது உண்மைதான், ஆனால் அந்த ஏப்பத்தில் பாதி சோடாவின் காற்றுதான். தண்ணீரில் பொங்கும் ஈனோ மாதிரிப் பொடிகளில் சோடியம் அதிகம். பிரஷர், இதயநோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அவை வேண்டாம்.

முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் டீயோடு போட்டுக்கொண்டு மூட்டை தூக்கப் போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்குச் சீரகத் தண்ணீர் தீர்வல்ல. அந்த வலி மாத்திரையே இரைப்பையைப் புண்ணாக்கும். மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ஐம்பதைத் தாண்டியபின் புதிதாகத் தொடங்கிய அஜீரணம் ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது, மாரடைப்பை 'வாய்வு' என்று நினைத்து விடியும்வரை காத்திருப்பது. "எங்கே வலிக்குது?" என்று கேட்கும்போது நான் கையைத்தான் பார்ப்பேன். அஜீரணக்காரர் மேல்வயிற்றைத் தடவுவார். எரிச்சல் உள்ளவர் விரலைத் தொண்டைவரை மேலே இழுத்துக் காட்டுவார். உள்ளங்கையையோ மூடிய முஷ்டியையோ நடுநெஞ்சில் அழுத்தி வைத்துக்கொண்டால், நான் அடுத்த கேள்விக்கு முன் ஈசிஜி எடுக்கச் சொல்லிவிடுவேன். ஆனால் எல்லோரும் இப்படிக் காட்ட மாட்டார்கள். இதயத்தின் அடிப்பகுதியில் வரும் மாரடைப்பு மேல்வயிற்று வலியும் வாந்தியுமாகவே வரக்கூடும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் போகலாம். பெண்களிலும் சிலருக்கு வெறும் அசதியும் மூச்சுத்திணறலும்தான் இருக்கும்.

வயிற்றுக் கோளாறுபோல் இருந்தாலும், கூடவே குப்பென்று வேர்த்தால், தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ வலி பரவினால், மூச்சு வாங்கினால், மாடிப்படி ஏறும்போது வலி வந்து, உட்கார்ந்ததும் தணிந்தால், சோடாவைத் தேட வேண்டாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். நீங்களே பைக் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கிராமங்களில் இருப்பவர்கள் டவுன்வரை வந்துதான் வைத்தியம் தொடங்க வேண்டும் என்பதில்லை. 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்புக்கு முதலில் தர வேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. முதல் ஈசிஜி நார்மல் என்று வந்தாலும், டாக்டர் இருக்கச் சொன்னால் இருங்கள். மாற்றம் கொஞ்ச நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது ஈசிஜியில் தெரிவதும் உண்டு.