ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் மைக்

ராக் இசைக்குழு ஒன்று புது ஆல்பத்துக்காக ஸ்டூடியோவுக்குள் போகும் முதல் நாளில் பெரும்பாலும் ஒரு பாட்டுகூடப் பதிவாகாது. டிரம்மர் உட்கார்ந்து ஸ்னேர் டிரம்மை, அதாவது முன்னால் இருக்கும் கூர்மையாக ஒலிக்கும் டிரம்மை, மட்டும் தட்டிக்கொண்டே இருப்பார். டப், டப், டப். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சவுண்ட் இன்ஜினியர் எழுந்து வந்து, மைக்கை இரண்டு விரல்கடை நகர்த்திவிட்டுப் போவார். மறுபடியும் டப், டப். பார்ப்பவருக்கு நேரம் வீணாகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த ஆல்பம் எப்படி ஒலிக்கப்போகிறது என்பதில் பெரும்பங்கு அந்த இரண்டு விரல்கடையில்தான் தீர்மானமாகிறது.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி. அன்றாட வாழ்க்கையில் இந்த 3 மில்லிநொடியை யாரும் உணர்வதில்லை. ஒரே அடியை இரண்டு மைக்குகள் கேட்கும்போது அதுவே பெரிய விஷயமாகிவிடுகிறது.

டிரம்ஸுக்கு எட்டு, பத்து மைக்குகள் வைப்பது சாதாரணம். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்முக்கு ஒன்று, ஸ்னேருக்கு மேலே ஒன்று கீழே ஒன்று, டாம் எனும் மற்ற டிரம்களுக்குத் தனித்தனி, சிம்பல் எனும் உலோகத் தட்டுகளுக்காக உயரத்தில் இரண்டு. ஸ்னேரில் விழும் அடி இவை எல்லாவற்றுக்கும் கேட்கும், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. ஸ்னேர் மைக் 5 சென்டிமீட்டர் தூரத்திலும், உயரத்து மைக் 105 சென்டிமீட்டர் தூரத்திலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் சரியாக ஒரு மீட்டர்.

ஒலி என்பது காற்று அழுந்துவதும் தளர்வதுமாக மாறி மாறி வரும் அலை. அலைநீளம் 2 மீட்டராக இருக்கும் ஒலிக்கு, ஒரு மீட்டர் என்பது சரியாகப் பாதி அலை. முதல் மைக் அழுத்தத்தைப் பதிவு செய்யும் அதே கணத்தில் இரண்டாவது மைக் தளர்வைப் பதிவு செய்யும். இரண்டையும் சம அளவில் கலந்தால் விடை பூஜ்ஜியம். அந்த ஒலியின் அதிர்வெண் ஏறக்குறைய 170 ஹெர்ட்ஸ். ஸ்னேரின் கனமான அடிநாதம் இருப்பதும் அந்த வட்டாரத்தில்தான். விளைவு, தனித்தனியே கேட்டால் அருமையாக இருக்கும் இரண்டு மைக்குகளைச் சேர்த்துக் கேட்டால் ஸ்னேர் தகர டப்பா மாதிரி ஒலிக்கும். பள்ளம் அந்த ஓர் இடத்தோடு நிற்பதுமில்லை. 515 ஹெர்ட்ஸ், 860 ஹெர்ட்ஸ் என்று மேலே மேலே விழுந்துகொண்டே போகும். வரைபடத்தில் பார்த்தால் சீப்பின் பற்கள் மாதிரி தெரியும். குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்வலைசரில் அந்த இடத்தைத் தூக்கிவிடலாமே என்று தோன்றும். ஒன்றையொன்று அழித்துப் பூஜ்ஜியமாகிப் போனதை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான்.

அதனால்தான் மைக் வைப்பதில் அவ்வளவு பொறுமை. பிரிட்டிஷ் ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸின் பெயரால் அறியப்படும் முறையில், உயரத்து மைக்குகள் இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். அளக்க ஒரு கயிறு போதும். இரண்டுக்கும் ஸ்னேர் ஒரே கணத்தில் போய்ச் சேர்வதால் அவை ஒன்றையொன்று அழிக்காமல் வலுச்சேர்க்கும். ஸ்னேருக்குக் கீழே இருக்கும் மைக்குக்கு வேறு வைத்தியம். குச்சி விழுந்ததும் தோல் மேல் மைக்கை விட்டு விலகிக் கீழ் மைக்கை நோக்கிப் போகிறது; ஒன்றுக்குத் தளர்வு, மற்றதற்கு அழுத்தம். எல்லா மைக்குகளும் வந்து சேரும் கன்சோலில் ஒரு பட்டனை அழுத்திக் கீழ் மைக்கின் அலையைத் தலைகீழாகத் திருப்பிவிடுவார்கள். உடனே அடிக்குக் கனம் வந்துவிடும். விலை உயர்ந்த எந்தக் கருவியையும்விட இந்த ஒரு பட்டனையும் கயிற்றையும் நான் உயர்வாக மதிக்கிறேன்.

இவ்வளவும் அருகில் இருக்கும் மைக்குகளின் கதை. தூரத்து மைக் வேறு ஒன்றைக் கொண்டுவருகிறது: இடத்தை. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலிகள் எவ்வளவு தாமதமாக வருகின்றன என்பதை வைத்து, அறை எவ்வளவு பெரியது என்று மூளை கணித்துவிடும். 1971-இல் வெளியான, லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு, ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய இங்கிலாந்து மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் டிரம்ஸை வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேல் மாடியிலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார். கிளின் ஜான்ஸின் தம்பிதான் இவர். அந்தப் பாட்டில் நாம் கேட்பது குழுவின் டிரம்மர் ஜான் போனமின் அடியை மட்டுமல்ல, அந்தப் படிக்கட்டையும் சேர்த்துத்தான்.

பேஸ் கிட்டாருக்கு அறை பெரும்பாலும் பகையாளி. அதன் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அலைநீளம் 8 மீட்டருக்கு மேல். சுமார் 4 மீட்டர் நீளமுள்ள அறையில் அந்த அலை சுவர்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். சுவரோரம் நின்றால் காது அடைக்கும் அளவுக்கு முழங்கும், அறையின் நடுவில் நின்றால் அந்த ஸ்வரமே காணாமல் போகும். ஆகவே பேஸை அதன் ஒலிபெருக்கியான ஆம்ப் முன் மைக் வைத்து எடுப்பதோடு, வயர் மூலம் நேரடியாகவும் ஒரு டிராக், அதாவது தனிப் பதிவு, எடுத்துவைப்பார்கள். வயருக்குள் அறை கிடையாது.

டிரம்ஸை முதலில் எடுப்பது ஏன்? மற்ற எல்லோரும் அதன் மேல்தான் நிற்க வேண்டும். டிரம்மர் ஹெட்போனில் கிளிக் டிராக்கை, அதாவது தாளத்தைச் சீராக எண்ணித்தரும் டிக் டிக் ஒலியை, கேட்டபடி வாசிப்பார். மற்றவர்கள் வழிகாட்டலுக்காக மட்டும் உடன் வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு கருவியாகத் தனி டிராக்கில் சேரும். கிட்டார் கலைஞர் லெஸ் பாலுக்காக ஆம்பெக்ஸ் நிறுவனம் செய்த எட்டு டிராக் டேப் இயந்திரம் 1957-இல் வந்தது. இன்று கணினியில் நூறு டிராக்குகளும் சர்வ சாதாரணம்.

ராக் ஆல்பங்களில் கிட்டார் சுவர் மாதிரி அகலமாகக் கேட்கிறதே, அதன் ரகசியம் எளிது. ஒரே பகுதியை இரண்டு முறை முழுதாக வாசித்து, ஒன்றை இடது ஸ்பீக்கருக்கும் மற்றதை வலதுக்கும் அனுப்புவார்கள். முதல் வாசிப்பையே நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் இது நடக்காது. ஒரே அலை இரண்டு காதுக்கும் வருவதால் நடுவில் ஒற்றைக் கிட்டார் இருப்பதாகவே மூளை எடுத்துக்கொள்ளும். எந்த மனிதராலும் அச்சு மாறாமல் இரண்டு முறை வாசிக்க முடியாது. ஒரு இடத்தில் 10 மில்லிநொடி முந்தும், இன்னொரு இடத்தில் சுருதி ஒரு இழை விலகும். அந்த விலகல்தான் அகலம். குரலிலும் இப்படியே. இரண்டு முறை பாடும் சிரமத்தைத் தவிர்க்க, பீட்டில்ஸுக்காக 1966-இல் இஎம்ஐ ஸ்டூடியோவின் கென் டவுன்சென்ட், இரண்டாவது டேப் இயந்திரம் ஒன்றின் வேகத்தைச் சற்றே அலையவிட்டு அதே விலகலைச் செயற்கையாக உண்டாக்கினார்.

எல்லா டிராக்குகளையும் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கில் இன்ஜினியர் ஒரே பாட்டை ஒரு முறை சத்தமாகவும் ஒரு முறை மெதுவாகவும் கேட்பார். ஒலி குறையும்போது நம் காது தாழ்ந்த அதிர்வெண்களை மற்றவற்றைவிட அதிகமாகக் கைவிட்டுவிடும். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். சத்தமாகக் கேட்டு மட்டுமே கலந்த பேஸ், வீட்டில் மெதுவாகக் கேட்கும்போது மறைந்துபோகும்.

நம் காதின் இதே குணம்தான், கலந்த பாட்டை வெளியீட்டுக்கு இறுதியாகத் தயார் செய்யும் மாஸ்டரிங்கில் பெரிய வம்பை இழுத்துவிட்டது. இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால், கொஞ்சம் சத்தமானதே நல்லது என்று நமக்குப் படும். டிஜிட்டல் பதிவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்ட முடியாது. ஆகவே லிமிட்டர் என்ற கருவியால் உச்சங்களை வெட்டி, மீதியை எல்லாம் மேலே தூக்கினார்கள். வெட்டுப்படும் உச்சங்கள் எவை? பெரும்பாலும் ஸ்னேரும் கிக்கும்தான். முதல் நாள் முழுக்க உட்கார்ந்து தேடிப்பிடித்த அந்த அடி, கடைசி நாளில் நசுங்கிப்போகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. மெட்டாலிகா என்ற குழு 2008-இல் வெளியிட்ட ஆல்பத்தில் இது எல்லோருக்கும் வெட்டவெளிச்சமானது. அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ வீடியோ விளையாட்டில் அவ்வளவு நசுக்கப்படாமல் வந்திருந்தன. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்ட ரசிகர்கள் விளையாட்டுப் பதிப்பே மேல் என்றார்கள்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே உரப்புக்கு, மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு, கொண்டுவந்து ஒலிக்கவிடுகின்றன. நசுக்கிச் சத்தமாக்கிய பாட்டின் ஒலி அங்கே குறைக்கப்பட்டுவிடும். நசுங்கியது மட்டும் நசுங்கியபடியே இருக்கும்.

கடைசியாகப் பாட்டுகளின் வரிசை. இதிலும் இயற்பியல் குறுக்கிடுகிறது. வினைல் தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும். வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே நொடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது; மையத்தை நெருங்கும்போது சுமார் 20 சென்டிமீட்டர்தான். அதே ஒரு நொடி இசை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். சிம்பலின் கூர்மை அங்கே முதலில் மங்கும். அதனால் வேகமான, சிம்பல் நிறைந்த பாட்டைப் பக்கத்தின் தொடக்கத்திலும், அமைதியான பாட்டை அதன் முடிவிலும் வைப்பார்கள்.