'முயல வேண்டும்' என்றால் என்ன? இளங்கலை வகுப்புக்கு வாசிப்பு தேர்வது பற்றி

உலகச் சுற்றுச்சூழல் அரசியல் தாளுக்கு வாசிப்புப் பட்டியல் போடும்போது பலரும் நாற்பது பக்க ஆய்வுக் கட்டுரையில் தொடங்கிவிடுகிறோம். அதில் பாதி மற்ற ஆய்வாளர்களோடு போடும் வழக்கு. பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்த பிள்ளை மூன்றாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிடும். ஒப்பந்தத்தின் மூலவாசகத்திலேயே இரண்டு பக்கம் கொடுப்பது மேல்.

பழனி மலைப் பக்கத்து வகுப்புக்கு மினமாட்டா பாதரச உடன்படிக்கை கைக்கெட்டும் பாடம். 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் சேர்ந்தது. கொடைக்கானலில் 2001இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு பற்றி மாணவர்கள் வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். 35 பிரிவும் வேண்டாம். 4, 12 போதும். பட்டியலில் உள்ள பொருள்களைக் கெடுவுக்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ 'அனுமதிக்கக் கூடாது' என்கிறது 4. தெர்மாமீட்டருக்குக் கெடு 2020 (விலக்கு கேட்க 6ஆம் பிரிவு வழி தந்தது). மாசுபட்ட நிலத்தைக் கண்டறியும் 12ஆம் பிரிவோ 'முயல வேண்டும்' என்பதோடு நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஷல்' (கட்டாயம் செய்ய வேண்டும்) பக்கத்தில் 'எண்டெவர்' (முயல்) என்று ஒரே ஒரு சொல் கூடுதல்; செய்து முடிப்பதல்ல, முயல்வதுதான் கட்டாயம் என்றாகிவிடுகிறது. இது பிடிபட்டால், 2015இல் பருவநிலை பற்றிய பாரிஸ் ஒப்பந்தத்தின் 4.4ஆம் பிரிவில் கடைசி நேரத்தில் 'ஷல்' போய், கட்டாயமில்லாத 'ஷுட்' வந்தது ஏன் என்று மாணவரே சொல்லிவிடுவார்.

சிக்க வைப்பது அரிய சொல் அல்ல, தெரிந்த சொல். அரியதை அகராதியில் தேடுவார்கள். 'பார்ட்டி'யைக் கட்சி என்றே படித்துப் போவார்கள். இங்கே அது ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு. 'இன்ஸ்ட்ருமென்ட்' கருவி அல்ல, ஆவணம். இப்படிப் பத்துச் சொல்லுக்குத் தமிழ்ப்பொருள் எழுதி முதல் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம்.

பருவநிலை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் 'கொள்கை வகுப்போருக்கான சுருக்கம்' பெயரளவில்தான் சுருக்கம். அரசுகள் வரிவரியாகப் பேசி ஒப்புக்கொண்ட வாசகம், ஒவ்வொரு வாக்கியமும் மூட்டை. அதே அறிக்கையின் கேள்வி-பதில் பகுதி எளிது.

வாசிப்புக் கோப்பை (ஃபைலை) மாணவருக்கு அனுப்புமுன் போனில் திறந்து ஒரு சொல்லின்மேல் விரலை அழுத்திப் பாருங்கள். சொல் தேர்வாகவில்லை என்றால் அது வெறும் படம்: தேட முடியாது, மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்ட முடியாது, பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானும் படிக்காது. மழைநாளில் மலையில் சிக்னல் போய்விடும். இணைப்பை அனுப்பாமல் கோப்பையே அனுப்பி, நூலகத்தில் இரண்டு ஜெராக்ஸும் வைத்துவிடுங்கள்.